ராணி இறங்கிப் போன கப்பல்

சென்னையிலிருக்கும் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து அந்தக் கோப்பு ஒரு திங்கட்கிழமை வந்தது. பகலில் எனக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாலையில் தருமபுரத்து வீட்டில் இப்படி ஏதாவது தமிழாக்கம் செய்வேன். பெரும்பாலும் மருந்துப் பெட்டிக் குறிப்புகள், மிக்ஸி கையேடுகள். இந்த முறை ஒரு கப்பல். வடக்கே ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் நிரந்தரமாகக் கட்டிப்போட்டிருக்கிற, அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த கப்பல். பார்க்க வருகிறவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கி, ஒரு கருவியைக் காதில் வைத்துக் கேட்டபடி அறை அறையாக நடப்பார்கள். இப்போது தமிழர்களும் நிறைய வருகிறார்களாம். அவர்களுக்காக இருபத்தேழு துண்டுகள் எழுதித்தர வேண்டும்.

முதல் வரியிலேயே சிக்கல். ஆங்கிலத்தில் அதற்கு 'யாட்' என்று பெயர். அகராதி 'உல்லாசப் படகு' என்றது. ஒரு தெருவே குடியிருக்கக்கூடிய அளவுள்ள ஒன்றைப் படகு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. படகு என்றால் திருவேட்டக்குடிக் கரையில் வலையோடு கிடப்பது. 'அரச கப்பல்' என்று எழுதி, அதற்கான காரணத்தை நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன்.

கப்பலின் கதை எளிமையானதுதான். இளம் ராணிக்காகக் கட்டினார்கள். அவருடைய அறைக்கு வெளியே தளத்தைக் கழுவுகிறவர்கள் பேசக் கூடாது, கையசைவில்தான் உத்தரவு. தேனிலவுக்கு அதில் போனார்கள். ஒவ்வொரு குடியேற்ற நாட்டிலும் தங்கள் கொடியை இறக்கிக்கொள்ள அதே கப்பலில்தான் போனார்கள். ஒருமுறை, சண்டை நடந்த ஒரு துறைமுகத்திலிருந்து முன்பின் தெரியாத மக்களை ஏற்றிக்கொண்டு வந்ததாம். விருந்துக்கூடத்துக் கம்பளத்தில் குழந்தைகள் படுத்துத் தூங்கினார்கள். பிறகு ராணிக்கும் வயதானது, கப்பலுக்கும் வயதானது. இனி இதைக் கட்டி மேய்க்க முடியாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. உடைத்துப் போட விடாமல் ஒரு நகரம் கேட்டு வாங்கிக்கொண்டது. இன்று மாலுமிகள் சாப்பிட்ட இடத்தில் தேநீரும் கேக்கும் விற்கிறார்கள்.

பதினான்காம் துண்டு ராணியின் படுக்கையறை. 'தினமும் காலையில் ஓர் ஊழியர் இந்தப் படுக்கையைச் சரிசெய்கிறார். இதில் யாரும் படுப்பதில்லை.' அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தேன்.

கூடத்தை ஒட்டி அக்காவின் அறை இருக்கிறது. அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் இறந்த பிறகு இருபது ஆண்டுகள் அவளும் நானும் மட்டும் இந்த வீட்டில் இருந்தோம். போன சித்திரையில் அவள் மகன் வந்து அவளைப் பிரான்சுக்கு அழைத்துப் போனான். சனிக்கிழமைதோறும் அவள் கட்டிலின் விரிப்பை மாற்றுகிறேன். அவள் வருவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எப்போது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

இருபத்தேழையும் அனுப்பிய மூன்றாம் நாள் நிறுவனத்துப் பெண் அழைத்தாள்.

"மேடம், இருபத்தாறுல ஒரு திருத்தம். கடைசி நாள் ராணி எல்லார்கிட்டயும் குட்பை சொல்லிட்டு இறங்குறாங்க. நீங்க 'போய் வருகிறேன் என்று சொல்லி இறங்கினார்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. வாசல்ல நின்னு போறேன்னு யாரும் சொல்ல மாட்டாங்கம்மா."

"ராணிக்குத் தமிழ் தெரியாதே மேடம்!" என்று சிரித்தாள். "அவங்க திரும்பி வரவேயில்ல. கேட்கிறவங்க, அப்புறம் எப்ப வந்தாங்கன்னு அடுத்த அறையில தேடுவாங்க."

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். இப்படித் தவறுகிறவள் அல்ல நான். அலுவலகத்தில் என் கோப்பில் அடித்தல் திருத்தல் இருக்காது. நாட்குறிப்பிலும் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைச் சோதிக்க, அக்கா கிளம்பிய நாளின் பக்கத்தை எடுத்தேன். கார் வந்தது ஐந்து நாற்பது. பெட்டிகள் இரண்டு. வெளியே லேசான தூறல். கடைசி வரி: 'போய் வருகிறேன் என்றாள்.'

காரின் கதவு, அவளுடைய பச்சைச் சேலை, முழங்காலில் வைத்திருந்த பை எல்லாம் கண்ணில் தெரிந்தன. அந்தச் சொல்லை அவள் குரலில் மட்டும் கேட்க முடியவில்லை.

மறுநாள் மாலை ஆறரைக்கு அழைத்தேன். அங்கே மதியம். அக்கா ஸ்வெட்டரோடு திரையில் வந்தாள்.

"என்னடி, ஞாயித்துக்கிழமைதானே உன் முறை? இன்னிக்கு வியாழன். உலகம் அழிஞ்சிருச்சா?"

"ஒண்ணு கேக்கணும்க்கா. அன்னிக்குக் கார்ல ஏறும்போது என்ன சொன்ன?"

"இதுக்கா போன் பண்ணின? 'கதவச் சாத்திக்கடி, கொசு வந்துரும்'னு சொன்னேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லலியா?"

அக்கா பக்கவாட்டில் எதையோ பார்த்தாள். பின்னால் பேரப்பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கத்தியது. அவள் திரும்பி ஒரு வார்த்தையில் அடக்கினாள்.

"சொல்லல. வேணும்னேதான் சொல்லல. சொல்லியிருந்தா நீ தேதி கேட்டிருப்ப."

"கேட்டிருப்பேன்தான்."

"எனக்கு முட்டி போச்சுடி. இங்க டாக்டரு, புள்ளைங்க, எல்லாம் ஆயிப்போச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லணும்னு நெனப்பேன். நீ விரிப்பு மாத்தினேன்னு சொல்லுவ. வாய் வராது." பிறகு, "அந்த ரூமை யாருக்காவது விடு. பூட்டிப் போடாத" என்றாள்.

"பூட்டல. தெனமும் தொறக்குறேன்."

"அதத்தான் வேணாங்கிறேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டதாகச் சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் பேசியிருக்கிறோம்.

இருபத்தாறாம் துண்டில் 'விடைபெற்று இறங்கினார்' என்று மாற்றி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டு பதில் வந்தது. நாட்குறிப்பில் அந்தக் கடைசி வரியை ஒற்றைக் கோட்டால் அடித்தேன்; அடியில் தெரிய வேண்டும் என்பதால் அழிக்கவில்லை. கொசுவைப் பற்றி அவள் சொன்னதை மேலே எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து, மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸ் அறை பார்க்க வந்தாள். திருவாரூர்ப் பக்கம். கட்டிலையும் அலமாரியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டிலை ஜன்னல் ஓரமாப் போட்டுக்கலாமாங்க? காத்து வரும்" என்று கேட்டாள்.

அது எப்போதும் சுவரோரம்தான் கிடந்தது. அவள் தலைமாட்டைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். நான் கால்மாட்டைப் பிடித்தேன்.