ஒட்டுக்கேட்பவருக்கும் பசிக்கும்

போன வாரம் பேப்பரில் ஒரு செய்தி. யார் ஃபோனை வேண்டுமானாலும் அரசாங்கம் ஒட்டுக்கேட்க முடியுமாம். படித்த கையோடு என் செல்லைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

நான் யார்? தாம்பரத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், வாரத்துக்கு ஒரு பத்தி. என்னைப் போய் எதற்கு ஒட்டுக்கேட்க வேண்டும்? — தைரியசாலிகள் இப்படித்தான் கேட்பார்கள். நானோ அன்றிலிருந்து ஃபோனில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்தேன். நண்பர் மின்வெட்டைத் திட்டினால், "அரசு ஆவன செய்யும்" என்றேன். மச்சினி ரசப்பொடிக்கு அளவு கேட்டு அழைத்தாள். "பொடி விஷயமெல்லாம் நேர்ல" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் ஜாஃபர் பாய் அழைத்தார். குரோம்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். பல வருட சிநேகம்.

"சார், ஒரு முக்கியமான விஷயம் முடிவாயிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை..."

டி.வி.யில் ஓயாமல் குண்டுவெடிப்புச் செய்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். "பாய், ஃபோன்ல எதுவும் வேணாம்" — கட் செய்துவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் நின்றார். கையில் ஸ்வீட் பாக்ஸ். உட்காரவில்லை.

"பொண்ணுக்கு நிக்காஹ் சார். மொத ஃபோன் உங்களுக்குத்தான் போட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க... எல்லாரையும் கட் பண்றீங்களா, என் பேரைப் பாத்துக் கட் பண்ணீங்களா?"

அதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"என் தங்கச்சியை ரசமே வைக்க விடலை பாய் இந்த மனுஷன். நீங்க உக்காருங்க மொதல்ல."

அவள் சொன்னது நிஜம். பாய் கேட்டதிலும் நிஜம் இருந்தது. "உங்க பேரும் சேர்ந்துதான் பயமுறுத்துச்சு பாய்" என்றேன்.

"தெரியும் சார்" என்று உட்கார்ந்தார்.

"நம்ம ரெண்டு தோள்லயும் ரெண்டு மலக்கு, அதான் சார் வானவருங்க, உக்காந்து நாம செய்யுறதையெல்லாம் எழுதிக்கினே இருக்காங்கன்னு நம்பி வளர்ந்தவன் நான். எனக்கு இன்னா புதுசு? என் மச்சான் சவுதிலேர்ந்து பேசுவான். வைக்கிறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரம்மா இன்னா சொல்வாங்க தெரியுமா? 'நடுவுல கேக்குற தம்பி, நீயும் வேளைக்குச் சாப்பிடுப்பா.'"

அசந்து போனேன். அந்த ஆளுக்குப் பயந்து நண்பனையே கட் செய்தவன் நான். அந்த அம்மாளோ, அவனுக்கும் பசிக்குமே என்று யோசித்திருக்கிறார். எத்தனை பெரிய மனசு... எத்தனை பெரிய தைரியம்.

"அப்ப உங்களுக்குக் கோபமே இல்லையா பாய்?"

"இல்லாம எப்படி சார்? வலது தோள்ல இருக்கிற மலக்கு நாம செய்யுற நல்லதை எழுதுவாரு. ஒட்டுக்கேக்குற இவங்க அதை எழுதுவாங்களா?"

மனைவி ஸ்வீட் பாக்ஸைப் பிரித்து முதலில் அவரிடமே நீட்டினாள்.

அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவர் நம்பருக்கு ஃபோன் போட்டேன். "பாய், நிக்காஹ்வுக்குக் குடும்பத்தோட வர்றோம்" என்றேன், பக்கத்து ஃபிளாட்டுக்கே கேட்கிற மாதிரி.

நடுவில் யாராவது இருந்தால்... இதைத் தயவுசெய்து வலது பக்கம் எழுதிக்கொள்ளவும்.