பெரிய டீச்சர் இரண்டாம் வகுப்புக்கு வந்த நாள்

நேற்று ஈப்போவில் மரத்தில் உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று கடந்துபோக, அந்தப் புளித்த வாடை என்னைச் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் பின்னால் பலகைச் சுவர்களோடு நின்ற எங்கள் பள்ளிக்கே கொண்டுபோய்விட்டது. மழையில் தகரக் கூரை இரையத் தொடங்கினால் பாடம் நிற்கும். தலைமையாசிரியை மேரி டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒழுகும் இடமெல்லாம் வாளி வைத்துக்கொண்டே போவார்.

பிள்ளைகள் குறைந்துபோனதால், தோட்ட நிர்வாகங்கள் நடத்திய எங்கள் பள்ளியையும் பக்கத்துத் தோட்டப் பள்ளியையும் ஒன்றாக்கிப் பட்டணத்துக்கு மாற்ற முடிவானது. இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களில் யார் தொடர்வது என்று பெற்றோர் கூட்டத்தில் சண்டை முற்றி, இணைப்பே நின்றுவிடும்போல ஆனபோது டீச்சர் எழுந்தார்.

“அந்த ஸ்கூல் சாரே இருக்கட்டும் லா. எனக்கு ரெண்டாம் வகுப்பு போதும்.”

புதிய பள்ளியில் முதல் நாள், இரு தோட்டத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்றோம்.

“டீச்சர், இனிமே நீங்க பெரிய டீச்சர் இல்லையா?” என்று அழுதேன்.

“ஆபீஸ்ல தனியா உக்கார வேணாம். உங்ககூடவே இருக்கலாம் லா,” என்று சிரித்தவர், என் கையையும் எதிரே நின்ற ஒரு சிறுமியின் கையையும் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நடந்தார். மற்றவர்கள் யாரும் சொல்லாமலே கலந்து பின்னால் வந்தார்கள்.