எட்டு மணிக்கு அணைந்த பாய்

குவாக் ஜொம்ரே தராசையும் நம்பமாட்டாள். சந்தையில் வியாபாரி மிளகாய் வற்றலை நிறுத்து முடித்ததும், மூட்டையை இறக்கி இன்னொரு முறை நிறுக்கச் சொல்வாள். கணவன் இறந்து பதினோரு வருஷமாகிறது. கொரியாவின் கியோங்சாங் மலைப்பக்கம் முக்னே என்ற சிற்றூரில், தனியாளாக மிளகாய்க் கொல்லையைப் பார்த்து மகனைப் படிக்க வைத்தது இந்தச் சந்தேகத்தின் பலத்தில்தான் என்பது அவள் நினைப்பு. ஒரு வருஷம் கடையில் வாங்கிய விதை பாதிகூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து சொந்த விதைதான்.

பிப்ரவரியில், வெளியே பனி இறுகிக் கிடக்கும்போதே நாற்று போட்டாக வேண்டும். அப்போதுதான் மே மாதம் நட முடியும். மிளகாய் விதைக்கு அடியிலிருந்து சூடு வேண்டும். அறைத் தரையையே சூடாக்க எண்ணெய்க் கொதிகலனை ஓட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் ஊரில் எல்லோரையும் போல அவளும் பின்னறையில் தெர்மாகோல் பலகை போட்டு, குளிருக்கு மனிதர்கள் படுக்கும் மின்சாரச் சூட்டுப் பாயை அதன்மேல் விரித்து, நாற்றுத் தட்டுகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாளும் பழைய கம்பளியும் போட்டு மூடிவிடுவாள். பழைய பாய் கருகிப் போனதால், இந்த வருஷம் மகன் கியூசிக் அனுப்பிய புதுப் பாயை விரித்தாள்.

ஒரு வாரத்தில் தலைகாட்ட வேண்டிய விதை ஒன்பது நாளாகியும் காட்டவில்லை. பகலில் அவள் ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போவாள். சந்திரப் புத்தாண்டு நெருங்கியதால் ஞாயிறும் விடுமுறை இல்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது பாயின் சிவப்பு விளக்கு எரியும். மாலை ஐந்துக்குத் திரும்பினால் அணைந்திருக்கும், மண் சில்லிட்டிருக்கும். முதல் இரண்டு நாள் தன் மறதி என்று நினைத்து மறுபடி போட்டாள். மூன்றாம் நாள் மறதி இல்லை என்று முடிவு செய்தாள்.

அப்படியென்றால் யார்? இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் பகலில் இருப்பவள் ஒருத்திதான். கொழுந்தன் மனைவி ஓக்னாம், எதிர் வீட்டுக்காரி. போன இலையுதிர் காலத்தில் அவள் கொஞ்சம் விதை கேட்டாள், ஜொம்ரே கொடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பின்னறைக்குப் பூட்டு போட்டாள். அன்று மாலையும் பாய் அணைந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சந்தேகம் விட்டுப் போயிருக்கும். ஜொம்ரேயோ வெளிச்சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்தாள். அதில் சுவிட்சை இறக்கி ஏற்றினால் போதும், பாய் அணைந்தே கிடக்கும், உள்ளே வரவே வேண்டாம்.

ஓக்னாம் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"விதை குடுக்கலன்னு மனசுல வெச்சிருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம். மீட்டர் பெட்டியில கைய வெக்கறது என்ன பொழப்பு?"

ஓக்னாம் கையிலிருந்த துணியை உதறிப் போட்டாள். "பெட்டி அங்க இருக்குன்னே இப்ப நீங்க காட்டித்தான்கா எனக்குத் தெரியுது. நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க. ரெண்டு பேரும் அந்தப் பாய்க்கு முன்னால உக்காருவோம். என் கை ரெண்டும் உங்க கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

மறுநாள் காலை இருவரும் பின்னறையில் உட்கார்ந்தார்கள். ஓக்னாம் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டு வந்திருந்தாள். அவள் கடித்த பிறகே ஜொம்ரே ஒன்றை எடுத்தாள். சரியாக எட்டு மணிக்கு 'டிக்' என்று சின்னச் சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஓக்னாம் கிழங்குத் தோலோடு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"உன் வீட்டுக்காரன் எங்க?" என்றாள் ஜொம்ரே.

"பல்லு பிடுங்க விடிகாலையிலயே டவுனுக்குப் போயாச்சு. பூனைதான் வீட்ல இருக்கு. வேணும்னா கூட்டிட்டு வரேன், விசாரிங்க."

ஜொம்ரே மகனுக்குப் போன் போட்டாள். பதினைந்து மணி நேரம் ஆனால் பாய் தானாக அணைந்துவிடும், தூங்குகிறவர்கள் உடம்பு வெந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றான். மாலை ஐந்துக்குப் போட்டால் காலை எட்டு. ஜொம்ரே விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், சரியாக வந்தது. "ஆமா, உங்க முட்டி வலிக்குன்னுதானே அதை அனுப்பினேன். அதுல யாரு படுத்திருக்கா?" என்று அவன் கேட்க ஆரம்பித்ததும் வைத்துவிட்டாள்.

தட்டில் விரலால் கிளறினாள். பகலெல்லாம் குளிர்ந்த ஈரத்தில் கிடந்து விதைகள் கொழகொழவென்று அழுகியிருந்தன. ஆறு தட்டில் ஒரு பிடி தேறினால் அதிகம். கைவசம் மிச்சமும் இல்லை. மிச்சம் இருந்தால் யாராவது கேட்பார்கள் என்று அத்தனையையும் விதைத்துவிடுவது அவள் வழக்கம்.

ஓக்னாம் எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிம்ச்சி ஊறுகாய் டப்பா மூடி. அதில் நெருக்கமாக, இரட்டை இலை விட்டு, நூறு நாற்றாவது நின்றது. டிவிக்குப் பக்கத்தில் ராப்பகலாகச் சூடாகவே இருக்கும் செட்டாப் பாக்ஸ்மேல் வைத்து முளைக்க வைத்தாளாம்.

ஜொம்ரே குனிந்து பார்த்தாள். தண்டின் அடியில் ஓடிய ஊதாச் சாயம் ஊரில் வேறு எவர் விதைக்கும் கிடையாது.

"இது என் மிளகாய்."

"ஆமாக்கா. உங்க வேலியோரம் ஒரே ஒரு பழம் விழுந்து கிடந்துச்சு. எடுத்தேன்."

"அப்ப நீ திருடிதான்."

"திருடிதான். பாய் விஷயத்துல இல்ல."

திருட்டைச் சரியாக மோப்பம் பிடித்ததில் ஜொம்ரேக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருட்டு இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு தன் விதையே அற்றுப் போயிருக்கும் என்பதும் தெரிந்தது. கடைசியில் அழுகின தட்டுகளை அகற்றி, பாயில் இடம் செய்து கொடுத்தாள். இருவரும் நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புது மண்ணில் வைத்தார்கள். காலையில் கிளம்பும்போது ஒரு முறை, மாலையில் திரும்பியதும் ஒரு முறை, பாயை அணைத்து மறுபடி போட்டாள். விளக்கு அதன்பின் அணையவில்லை.

மே மாதம் ஆளுக்குப் பாதியாக நட்டார்கள். கொல்லையில் முக்கால் பங்கு மிளகாய் இல்லாமல் போனது, அங்கே ஜொம்ரே சோயா போட்டாள். ஓக்னாமின் வரிசை உயரமாக வளர்ந்துவிட்டதோ என்று அடிக்கடி எட்டிப் பார்த்தாள். அறுவடை முடிந்ததும் விதையை இரண்டு வீட்டிலும் வைக்கச் சொன்னவளும் அவளேதான். ஒரே வீட்டில் இருந்தால் எலி தின்றுவிடும் என்று காரணம் சொன்னாள். மன்னிப்பு என்ற பேச்சு இரண்டு வீட்டிலும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.