அண்ணனுக்குப் போட்ட கட்டங்கள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எனக்கு இரண்டு வேலை. பகலெல்லாம் பாடாங் மேஹா தோட்டத்தில், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த இடத்தில் மரவள்ளி நடுவது ஒன்று. அண்ணனுக்குச் சதுரங்கப் புதிர் போடுவது இன்னொன்று. எது அதிக அலுப்பு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். மண்வெட்டியைக் கீழே வைத்தால் முதல் வேலையாவது முடிந்துவிடும்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அண்ணன் கோலா கெத்தில் ஊர்ப் பக்கம் ஓடிவிட்டான் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு, நானும் அப்பாவும் அவனைப் புகைக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டோம். ரப்பர் வாங்க ஆளில்லாமல் அங்கே ரப்பர் ஷீட் உலர்த்தும் அடுப்பு எரிந்து வெகுநாளாகியிருந்தது. பக்கத்திலேயே பெரட்டுக்களம், காலையில் மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் இடம். மண்டோரின் மூக்குக்கு முன்னால் ஒருவன் ஒளிந்திருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

அண்ணனுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. பட்டப்பகலில் இறங்கிப் போய் ஆற்றில் குளித்துவிட்டு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உன்னப் புடிச்சிட்டுப் போனா அழுறது நாங்கதானேண்ணே?”

“மேல குந்திக் குந்திப் பைத்தியம் புடிக்குது புள்ள. நீ வந்து குந்திப் பாரு லா.”

தோட்ட ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்த காலத்தில் அவன் சதுரங்கம் கற்றிருந்தான். எதிரில் உட்கார ஆள் வேண்டுமே என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆடுவதில் நான் படுமோசம். ஆனாலும் அவன் தனியாக ஆட ஒன்று யோசித்தேன். சின்னப் பலகை, சில காய்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு காயை வெட்டியே ஆகவேண்டும். கடைசியில் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். கரியால் கட்டம் கிழித்து, மரவள்ளிக் குச்சியை நறுக்கிக் காய் செய்து, காலையில் அவித்த கிழங்கோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பல்லு வெளக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சி. இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?” என்றான் மறுநாள்.

ரோஷத்தில் அடுத்ததற்குக் காய்களை அள்ளிக் கொட்டினேன். அது வெறும் குழப்பமாக இருந்தது. ஆத்திரத்தில் பலகையையே கீழே விட்டெறிந்தான். நல்ல காலம், களத்தில் ஆளில்லாத நேரம்.

அதன்பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் முதலில் கொடுத்துப் பார்த்தேன். அவர் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குழாயடியில் தரையில் கிழித்து, காய் நகரும் விதத்தைச் சொல்லிக் கொடுத்து, “காசா பணமா, சும்மா ஆடிப் பாருங்கக்கா” என்றேன். அவர் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் பார்த்தார்.

“இந்தக் குதிர எதுக்கு புள்ள? வேல வெட்டி இல்லாம நிக்குது. எடுத்துரு.”

எடுத்தேன். புதிர் இறுகிவிட்டது. காய் கூடினால் கடினம் என்று நான் நினைத்தது தப்பு. சுலபமான வழி ஒன்று கண்ணில் பட வேண்டும். அது கடைசிவரை கூட்டிப்போய், ஒன்றையொன்று தொட முடியாத இரண்டு காய்களோடு நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் மனுஷன் திட்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து வைப்பான். அப்படித்தான் அண்ணன் வைத்தான். பகலில் இறங்குவதை விட்டான். குழாயடியில் மற்ற பெண்களும் ஆட ஆரம்பித்து, “இன்னிக்கி என்னா கட்டம்?” என்று கேட்டார்கள். எனக்குத்தான் மண்டை காய்ந்தது. புதிரை யோசித்துக்கொண்டே மரவள்ளிக் குச்சியைத் தலைகீழாக நட்டு, மண்டோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வயிற்றில் பசி, உடம்பில் வலி, இதில் நாளைக்கு யானையை எங்கே நிறுத்துவது என்ற கவலை வேறு.

ஒருநாள் நிஜமாகவே நல்லதாக ஒன்று அமைந்தது. அக்கா தோற்றுப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் காலையில் அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனேன். களத்தில் சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி நின்றது.

அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் வேலைக்கு வர வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் பெரட்டுக்கு வந்தவர். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தினமும் களத்து ஓரம் வந்து உட்காருவார். அன்று மண்டோர் ஒரு பெயர் விடாமல் கூப்பிட்டார். அப்பா பெயரும் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சீக்காளி என்று விட்டிருப்பார்கள். தோட்டத்தில் பெயர் கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் இருந்து அவருக்குப் பழக்கமே இல்லை.

“இருக்கேன் சாமி!” என்று கணீரென்று சொன்னார்.

“லாரிக்கு ஒரு ஆளு கொறையுது. நீ ஏறு,” என்றார் மண்டோர்.

நான் அழுதேன். அப்பா எழுந்திருக்கவே தடுமாறினார். அதற்குள் கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்துவிட்டான், சட்டையெல்லாம் ஒட்டடை.

“அப்பாவ விடுங்க. நான் ஏறுறேன்.”

எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு ஆள். சயாமிலிருந்து அண்ணன் திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலம் பரணில் ஏறிப் பார்த்தேன். கிழங்கைத் தின்றிருந்தான். காய்கள் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் போட்டதிலேயே நல்ல புதிர் அது. பொழுது சாயும்வரை அவனை மேலேயே பிடித்து வைத்திருக்கும்.