உப்பில்லாத படையல்

எங்கள் வீட்டுச் சாமி ஒரு பெண். வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவளை, மடை உடையாமல் நிற்கட்டும் என்று கூடப்பிறந்தவர்களே அதற்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். மறு அறுப்புக்கு அவள் வாசலில் வந்து நின்றாளாம். அன்றிலிருந்து சிற்றாற்றங்கரையில் அவளுக்குக் கோயில், வருஷம் ஒரு கொடை விழா.

இந்தக் கதையை நான் சொன்னால், குற்றாலம் சீசனுக்கு வந்த விருந்தாளிகள்கூட அருவிக்குக் கிளம்ப மறந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வடகரையில் வாக்கப்பட்ட நாளிலிருந்து புருஷன் வீட்டுச் சாமிதான் எனக்குச் சாமி. புளியங்குடியிலிருந்து வந்த மதினிக்கோ, என் அண்ணன் தாலி கட்டியதுமே என் சாமி சொந்தமாகிவிட்டது. கொடையன்று பொங்கல் பானையில் அரிசி போடுவது அவள். நான் தள்ளி நின்று குலவை போடுவேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன வருஷம் கதையையும் எடுத்துக்கொண்டாள். தென்காசியில் டீச்சராக இருக்கும் மதினி நாவல் எழுதிவிட்டாள். அதில் சாமி இல்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருத்தி, தன் சம்பளத்தில் எழும்பிய அண்ணன் வீட்டின் வாசலில் வந்து நிற்கிறாள். என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். என்னிடம் எந்தக் கதையையும் அவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

குற்றம் கண்டுபிடிக்கவே பென்சிலோடு உட்கார்ந்தேன். அறுப்பு மாசம் தப்பு, ஆறு போகிற திசை தப்பு. சந்தோஷமாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தால், வாசலில் நிற்கிறவளிடம் அண்ணன் பொண்டாட்டி சிரித்த முகமாகக் கேட்கிறாள்: "வாட்டி, எப்ப வந்தே? எப்பப் போறே?"

பென்சில் நின்றுவிட்டது. அதற்கு முந்தின தீபாவளிக்குப் பையும் கையுமாக நின்ற என்னிடம் மதினி கேட்டது அது. கேட்ட தன்னையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். இத்தனை வருஷம் வாயால் சொன்ன எனக்கு, வாசலில் நிற்கிறவள் நான்தான் என்று தோன்றவே இல்லையே. அதுதான் இன்னும் ஆறவில்லை.

இந்தக் கொடைக்கு மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த நாவலுக்காம்.

"ஏட்டி, நம்ம சாமிக்கு மட்டும் ஏன் உப்பில்லாமப் படைக்கோம்? ஒனக்குத்தான் தெரியும்னு ஒங்கண்ணன் சொல்லுதாவ."

"தெரியாது மதினி."

கதை கேட்டு வந்த ஒருவரை நான் வெறுங்கையோடு அனுப்பியது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. வடகரைக்குத் திரும்பும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் வரி எழுதியாகிவிட்டது: அவள் வாசலில் வந்து நின்றபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது, உப்பு இன்னும் போடவில்லை.