ஓர்தென்சியாவின் பிளாஸ்திரி

மணிலாவின் கவர்ச்சிப் படங்களில் துணியில்லாமல் தெரிந்த நடிகைகள், மறைக்க வேண்டிய இடங்களில் தோல் நிறப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் நடித்தார்கள். அதை வெட்டி ஒட்டுவதுதான் ஓர்தென்சியாவின் பிழைப்பு. ஒட்டும்போது எந்த ஆம்பளையையும் அறைக்குள் விடமாட்டாள். பிய்க்கும்போது வலிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவுவாள்.

நாட்டுக்கே ஒழுக்கம் போதித்த அரசாங்கம், காசு பார்ப்பதற்காகத் தன் சொந்தக் கொட்டகையில் மட்டும் சென்சார் வெட்டில்லாத படங்களை ஓட்டத் தொடங்கிய வருடம் அது.

"பிளாஸ்திரியப் பிய்ச்சு எறி!" டைரக்டர் வலேரியோ கத்தினார். "இனிமே எல்லாத்தையும் காட்டலாம். கவர்ன்மெண்டே சொல்லிடுச்சு."

முப்பது வயது நடிகை மெர்லிண்டா துண்டை இறுக்கிக்கொண்டாள். "அக்கா, என்னை இந்தப் படத்துக்குப் பேசி முடிச்சப்போ இதைச் சொல்லவே இல்லக்கா."

"அவ மாட்டேங்கிறா சார்," என்றாள் ஓர்தென்சியா.

"இது கலை. உனக்கென்னடி தெரியும்?"

"கலைதானே? நீங்க கழட்டிட்டு நில்லுங்க, பாக்கறேன்."

லைட்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வலேரியோவின் முகம் கறுத்தது. "வெளிய போடி!"

"போறேன்." ஓர்தென்சியா தன் பெட்டியிலிருந்த பிளாஸ்திரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினாள். நேராகப் போய்க் கேமராவின் கண்ணாடியில் வைத்து, கட்டைவிரலால் ஓரமெல்லாம் அழுத்தித் தேய்த்தாள். பிறகு எண்ணெய்ப் புட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா தப்பான இடத்துல ஒட்டிட்டிருந்தேன்."