தோலின் அடி வரிசை

எங்கள் விலங்கியல் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். அதனால் ஒரே நுண்ணோக்கியை நானும் என் தோழியும் பகிர்ந்துகொண்டோம். நான் காஞ்சிபுரத்திலேயே, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண். அவள் தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வருவாள். அறுபதுகளின் கடைசி அது.

உடம்புக்கு உள்ளும் புறமும் உறை போல மூடியிருக்கும் எபிதீலியத் திசு பற்றிய பாடம் நடந்த வாரம் இன்னும் நினைவிருக்கிறது. ஈர்க்குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம்.

"கூடத்துல தளக்கல்லு பாவின மாதிரி இருக்குதுபா" என்றாள் அவள்.

மறுநாள் விரிவுரையாளர் தவளையின் மேலண்ணத்தில் தக்கைத் தூளைத் தூவினார். யாரும் தொடாமலே தூள் தொண்டைப் பக்கம் நகர்ந்தது. நம் மூச்சுக்குழாயிலும் இப்படிப்பட்ட நுண்ணிய இழைகள்தான் தூசியை மேலே தள்ளுகின்றன என்றார். குடலில் சத்தை உறிஞ்சத் தூண் வடிவச் செல்கள், சிறுநீரகக் குழாயில் கனசதுரச் செல்கள், தோலில் அடுக்கடுக்காக. மாலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துகொண்டே இதையெல்லாம் ஒருவருக்கொருவர் ஒப்பிப்போம். அந்த நடைக்காகவே கல்லூரிக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு திங்கட்கிழமை அவள் இடது கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். விலக்கிப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே நீலம்.

"சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிடுச்சு. எரிச்சல் அடங்கும்னு அம்மா ஒரு பாட்டில் இங்க்கையும் ஊத்திட்டாங்க."

விரிவுரையாளர் பார்த்துவிட்டு எங்களை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் டாக்டர் மையை மெல்லக் கழுவினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள்.

"ரொம்ப எரியுதாம்மா?"

"எரியுது டாக்டர்."

"எரியட்டும். உணர்ச்சியே இல்லன்னாதான் நான் பயப்படணும். மேல இருக்குற தோல்தான் போயிருக்குது. அடியில உயிர் இருக்குது, புதுசா வளர்ந்துடும். கொப்புளத்தை மட்டும் கிள்ளாதே."

வெளியே வந்ததும்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பிடித்துப்போனால் படிப்பு நின்றுவிடும். அதுவரை என்னிடம் அவள் மூச்சு விட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள் கையில் டாக்டர் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் அடங்கியது.

புதன்கிழமை அவள் அம்மா ஒரு பை கத்தரிக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சு காதில் விழட்டும் என்று அப்பா தறியை நிறுத்தினார்.

"நீயும் அதே படிப்புதான படிக்கிற. தழும்பு போயிடுமாம்மா?"

நான் ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்து, தோலின் அடுக்குகளை வரைந்திருந்த பக்கத்தைக் காட்டி, புதுத்தோல் அடியிலிருந்துதான் வரும் என்றேன். அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். படத்தின் கீழ்வரிசையில் விரலை வைத்தார்.

"இதுதான் புதுசு போட்டுக்கினே இருக்குதா?"

"ஆமாம்மா. அந்த வரிசை செல்லுங்க பிரிஞ்சு பிரிஞ்சு மேல தள்ளும். மேல இருக்குறது காஞ்சு உதிரும். நமக்கே தெரியாம தினமும் நடக்குது. கொஞ்ச நாள் பொறுத்தா போயிடும்."

"எத்தினி நாளு?"

எனக்குத் தெரியாது. "நிறம் வர ஆறு மாசம் ஆகும்" என்றேன், ஏதோ டாக்டர் போல.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் அதையே தன் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கையில் கட்டோடு பெண்ணைக் காட்ட அவருக்கும் மனமில்லை. வருகை தள்ளிப்போனது. சும்மா வீட்டில் இருப்பானேன், அதுவரை படிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை, வேறிடத்தில் முடித்துக்கொண்டார்கள்.

மூன்று வாரத்தில் கட்டு அவிழ்ந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, மெல்லிய புதுத்தோல். மணிக்கட்டுப் பக்கத்தில் ஒரு திட்டு மட்டும் அதன்பிறகும் வெகுநாள் வெளுத்தே இருந்தது. அவள் பட்டம் வாங்கி, ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்த பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டாள்.

கல்யாணத்தன்று அவள் அம்மா என்னைத் தனியே அழைத்து, "நீ சொன்ன மாதிரியே ஆச்சும்மா" என்றார். ஆறு மாசம் என்றது என் வாய்க்கு வந்த கணக்கு என்று அன்றாவது சொல்லியிருக்கலாம். அவர் கையால் வைத்த பாயசத்தைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.